நீள முடியும் உப்புத் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடுப்பு வரை முடி உள்ள பெண் கடலில் நீந்தப் போகிறேன் என்று சொன்னால், வீட்டில் அலையைப் பற்றிக் கேட்பதற்கு முன் முடியைப் பற்றித்தான் கேட்பார்கள். கோவளத்தில் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பழக வருகிறவர்கள், புதுச்சேரியில் ஸ்கூபாவுக்குப் பெயர் கொடுப்பவர்கள், ராமேசுவரத்துக்கு நீராடப் போகிறவர்கள் என யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். அளவுகள் எல்லாம் இடுப்பு வரை உள்ள, நடுத்தர அடர்த்தி முடிக்கு. உங்கள் முடிக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். முடி வளர்த்த ஆண்களுக்கும் இதே கணக்குதான்.

1. கடல் தண்ணியில உப்புதானே இருக்கு, அது முடியை என்ன பண்ணிடும்?

தண்ணீருக்குள் இருக்கும்வரை உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. வம்பெல்லாம் கரையேறிய பிறகுதான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. முடியைப் பிழிந்த பிறகும் 100 மில்லி தண்ணீர் அதில் தங்கியிருந்தால், காய்ந்ததும் மூன்றரை கிராம் உப்பு முடிக்குள்ளேயே நின்றுவிடும். அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதல். அந்த உப்புத்தூளை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், முடி படும் பாடு புரியும்.

முடியின் மேல்புறம் ஓட்டுக்கூரை மாதிரி: செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். நனைந்தால் முடி பருமனில் 15 சதவீதம் வரை ஊதும், செதில்கள் லேசாகத் தூக்கிக்கொள்ளும். ஈர முடிக்குப் பலமும் குறைவு. ரப்பர் மாதிரி இழுபட்டு, ஒரு கட்டத்துக்குமேல் அறுந்துபோகும். இந்த நிலையில்தான் அலை அதைப் புரட்டுகிறது, மணல் தேய்க்கிறது, நாம் வேறு துண்டால் கசக்கித் துவட்டுகிறோம். உப்பைவிட இந்த உராய்வுதான் முடிக்குப் பெரிய பகை. கீழே சொல்லும் யோசனைகளில் பாதிக்கு மேல் உராய்வைக் குறைக்கத்தான்.

2. கடல்ல குளிச்சா முடி கொட்டும்னு பாட்டி சொல்றாங்க. உண்மையா?

வேரோடு கொட்டாது. நடுவில் அறுபடும். இரண்டும் வேறு. கையில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தானாகக் காலம் முடிந்து உதிர்ந்த முடி; நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை எல்லாருக்கும் உதிரும். இரண்டு நாள் பின்னலை அவிழ்க்காமல் வைத்திருந்து கடலுக்குப் போய்வந்து சீவினால், அந்த இரண்டு நாள் கணக்கும் மொத்தமாகச் சீப்பில் வரும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும்.

குமிழ் இல்லாமல், நீளமும் குறைவாக, துண்டு துண்டாக வந்தால் அது அறுந்த முடி. அதற்குக் காரணம் கடல் குளியலுக்கு முன்பும் பின்பும் நீங்கள் செய்கிற ஏதோ ஒன்று. தொடர்ந்து படியுங்கள்.

3. எண்ணெய் வெச்சுட்டு இறங்கலாமா? எந்த எண்ணெய், எவ்வளவு?

தாராளமாக. தேங்காய் எண்ணெய்தான் முதல் தேர்வு. அதில் அதிகம் உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடியின் மேற்பரப்போடு நிற்காமல் உள்ளே ஊறும். 2003-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டது. முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். உள்ளே எண்ணெய் இருக்கும் முடி தண்ணீரை உறிஞ்சி ஊதுவதும் குறையும்.

அளவு 10 முதல் 15 மில்லி, அதாவது இரண்டிலிருந்து மூன்று டீஸ்பூன். முந்தின இரவு, உலர்ந்த முடியில், காதுக்குக் கீழிருந்து நுனி வரை. நுனிக்குத்தான் வயது அதிகம், எண்ணெய் அதிகம் தேவைப்படுவதும் அதற்குத்தான். உச்சந்தலையில் தேய்க்க வேண்டாம். வியர்வையோடும் அலையோடும் வழிந்து கண்ணுக்குள் இறங்கும். இரவு முடியாவிட்டால் ஒரு மணி நேரம் முன்பாவது. கரையில் நின்றுகொண்டு அவசரமாக அப்பினால் எண்ணெய் ஊறாமல் மேலேயே நிற்கும், மணலை இழுத்து ஒட்டவைக்கும். தலையில் பொட்டலம் கட்டின மாதிரி மணலோடு வீடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் எண்ணெயை அதிகம் வைத்தவர்கள்தான்.

4. நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் கூடாதா?

கூடாது என்றில்லை. நல்லெண்ணெய் பெரும்பாலும் மேலேயே படியும், வழுக்கலுக்கு உதவும். விளக்கெண்ணெய் மட்டும் தனியாக வேண்டாம். அது கெட்டி, நீண்ட முடியில் தனியாகத் தேய்த்தால் அதுவே சிக்கு போடும்.

5. இறங்குறதுக்கு முன்னாடி நல்ல தண்ணியில தலையை நனைக்கணும்னு சொல்றாங்களே, எதுக்கு? எப்படியும் நனையத்தானே போகுது?

முடி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உள்ளே வாங்கும். முதலில் நல்ல தண்ணீரைக் குடித்துவிட்டால் கடல்நீர் உள்ளே போக இடம் குறைகிறது. முழுதாகத் தடுக்காது, அரைமணி, முக்கால் மணி நேரக் குளியலுக்குப் பயன் நன்றாகத் தெரியும். ஒன்றரை லிட்டர் போதும். பின்னுவதற்கு முன் நனையுங்கள். பின்னிய பிறகு மேலே ஊற்றினால் நடுவில் போய்ச் சேராது.

எண்ணெய் ஊறிய முடியில் தண்ணீர் ஒட்டாதே என்று கேட்பீர்கள். கொஞ்சம் குறைவாகத்தான் ஒட்டும். எண்ணெய் வைக்காதவர்களுக்குத்தான் இந்த வேலை அவசியம். வைக்காதவர்கள் நனைத்த கையோடு ஒரு எலுமிச்சை அளவு கண்டிஷனரை நீளவாக்கில் தடவி அப்படியே பின்னிக்கொள்ளலாம்.

6. எப்படிப் பின்னினா அவிழாது? ஒத்தை ஜடையா, ரெட்டை ஜடையா?

பள்ளிக்கூடத்தில் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ரெட்டை ஜடை ஞாபகம் இருக்கிறதா? கடலுக்கு அதைவிடச் சிறந்தது இன்னும் வரவில்லை. ஒவ்வொரு ஜடையிலும் பாதி முடிதான் இருப்பதால் அலையில் சாட்டை மாதிரி அடிக்காது. மடிப்பதால் நுனி உள்ளே ஒளிந்துகொள்ளும். முதலில் பிய்ந்துபோவது நுனி என்பதால் இது பெரிய லாபம்.

வகிடெடுத்து இரண்டாகப் பிரித்து, காதுக்குப் பின்னால் பிடரியை ஒட்டி ஆரம்பியுங்கள். மேலே உயரத்தில் ஆரம்பித்தால் வேர் இழுபடும். பின்னல் இறுக்கமாக இருக்கலாம், வேர்ப்பகுதி இறுகக் கூடாது. புருவத்தைத் தூக்கினால் தலை வலிக்கிறதா என்று பாருங்கள், வலித்தால் அவிழ்த்துத் திரும்பப் போடுங்கள். நனைந்து ஊதும்போது அது இன்னும் இறுகும். கடைசி நான்கு விரல் அளவு வரை பின்னி, துணி சுற்றிய பேண்டால் கட்டி, மேலே மடித்து, நடுவிலும் அடியிலும் பருத்தி ரிப்பனால் கட்டிவிடுங்கள். வெறும் ரப்பர் பேண்டு வேண்டாம். ஈரத்தில் முடியோடு ஒட்டி, கழற்றும்போது பத்து முடியாவது கூட வரும். சாட்டின் ரிப்பன் நனைந்தால் வழுக்கி அவிழும்.

ஹேர்பின், கொண்டை ஊசி, உலோகக் கிளிப் எதுவும் வேண்டாம். துரு ஏறும், அலை அடித்தால் தலையில் குத்தும். பூவைக் கரையிலேயே எடுத்து வைத்துவிட்டுப் போங்கள்.

7. நீச்சல் கேப் வாங்கலாம்னா என் கொண்டை உள்ளே போகவே மாட்டேங்குது

சாதாரண கேப் குட்டை முடிக்கு அளவெடுத்தது. பின்பக்கம் பை போல இடம் விட்ட, நீள முடிக்கான கேப் என்று கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியம் கொண்டை போடும் விதம். ஒற்றைப் பின்னல் போட்டு, அதைப் பிடரிக்குச் சற்று மேலே முறுக்கு சுற்றுவதுபோலத் தட்டையாகச் சுற்றுங்கள். பந்து மாதிரி உருண்டையாக நின்றால் கேப் கழன்றுவரும். உச்சியில் போட்டாலும் அப்படித்தான். நீச்சல் கண்ணாடியின் பட்டை நிற்கவும் இடமிருக்காது.

இரண்டு கையையும் கேப்புக்குள் விட்டு விரித்து, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே முன்விளிம்பை வையுங்கள். யாரையாவது நெற்றியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பின்னால் இழுத்துக் கொண்டையை மூடுங்கள். நகம் படக் கூடாது. கிழிகிற கேப்புகள் பெரும்பாலும் நகத்தால்தான் கிழிகின்றன.

8. சிலிக்கான், லேடெக்ஸ், லைக்ரா... எது நல்லது?

நீளமான, அடர்ந்த முடிக்கு சிலிக்கான். நன்றாக விரியும், முடியைப் பிடித்து இழுக்காது. லேடெக்ஸ், அதாவது இயற்கை ரப்பர், மலிவு, ஆனால் முடியைக் கவ்வும். எண்ணெய் பட்டால் கெட்டுப்போகும். பிசுபிசுத்து, சில நாளில் கிழியும். ஆகவே 3-ஆம் கேள்வியில் சொன்ன எண்ணெயும் லேடெக்ஸ் கேப்பும் ஒன்றாகச் சேராது. சிலிக்கானை எண்ணெய் கெடுக்காது, வழுக்கச் செய்யும். அதற்கு உள்ளே, இழுபடும் துணியான லைக்ராவில் செய்த மெல்லிய கேப் ஒன்றைப் போட்டு, மேலே சிலிக்கானைப் போட்டால் நகராது.

லைக்ரா மட்டும் போட்டால் தண்ணீர் உள்ளே போகும். ஆனாலும் முடி கட்டுக்குள் இருக்கும், மணல் தேய்ப்பு குறையும், வெயிலும் நேராகப் படாது. கரையோரம் அலையாடுகிறவர்களுக்கு இதுவே போதும்.

9. சிலிக்கான் கேப் போட்டும் தலை நனையுதே, ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. எந்த நீச்சல் கேப்பும் முடியை முழுக்க உலர வைக்காது. கழுத்து விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறத்தான் செய்யும். அதன் வேலை முடியை அசையாமல் வைப்பது. உள்ளே நுழைந்த கொஞ்சம் தண்ணீர் அங்கேயே நிற்கும், அலையில் புரளாது. 5-ஆம் கேள்வியில் சொன்னபடி நனைத்துவிட்டு கேப் போட்டால் கவலையே இல்லை.

10. சர்ஃபிங் கத்துக்கிட்டு இருக்கேன். எண்ணெய் வெச்சா கோச் திட்டறார்

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கால் வழுக்காமலிருக்கப் பலகையின் மேல் தடவும் மெழுகைத் தேங்காய் எண்ணெய் கரைத்துவிடும். பழைய மெழுகை வழித்தெடுக்கவே சிலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஜடையிலிருந்து பனியனுக்கும், குப்புறப் படுக்கும்போது பனியனிலிருந்து பலகைக்கும் எண்ணெய் போகும். அப்புறம் எழுந்து நிற்கும் இடத்தில் கால் வழுக்கும். சர்ஃபிங் நாளில் எண்ணெய்க்குப் பதில் நனைத்துக் கண்டிஷனர் தடவிப் பின்னுங்கள், ஜடைகளைப் பனியனுக்குள் விட்டுவிடுங்கள். முடி அவிழ்ந்து வாயையும் கண்ணையும் மூடினால், அலைக்கு அடியிலிருந்து வெளியே வந்து மூச்செடுக்கும் அந்த ஒரு நொடி வீணாகும். அழகைவிட இது பெரிய காரணம்.

11. ஸ்கூபா, ஸ்நார்கெலிங் போறப்ப?

முகக்கண்ணாடியின் சிலிக்கான் விளிம்புக்கடியில் ஒரே ஒரு முடி சிக்கினாலும் அந்த வழியாகத் தண்ணீர் கசியும். நெற்றி முடியை ஈரக்கையால் பின்னுக்குத் தள்ளி, துணிக்குழாய்ப் பட்டையை முன்தலையில் போட்ட பிறகு கண்ணாடியை மாட்டுங்கள். கண்ணாடியின் ரப்பர் பட்டை முடியைப் பிய்க்கும். அதன்மேல் நியோப்ரீன் (மெத்தென்ற ரப்பர் துணி) உறை போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கழற்றும்போது பட்டையைத் தளர்த்திவிட்டு, பின்னாலிருந்து முன்னால் தூக்கிக் கழற்றுங்கள்.

ஸ்கூபாவில் ஒற்றைப் பின்னலை உடையின் கழுத்துக்குள் விட்டுவிடுவது நல்லது. வெளியே தொங்கினால் பிடரிக்குப் பின்னால் இருக்கும் சிலிண்டர் வால்வில் சுற்றிக்கொள்ளும், அதை உங்களால் பார்க்கவும் முடியாது.

12. கரையேறினதும் முதல்ல என்ன செய்யணும்?

காய விடாதீர்கள். 1-இல் சொன்ன உப்புத்தூள் உருவாவதற்கு முன்பே அலச வேண்டும். வீட்டிலிருந்து இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டு கொண்டுவாருங்கள். பின்னலை அவிழ்க்காமல், குனிந்து, பிடரியிலிருந்து ஊற்றிப் பின்னலைக் கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள். பஞ்சைப் பிழிகிற மாதிரி, முறுக்காமல். முதல் பாட்டிலில் மணலும் உப்பும் போகும். பிறகு அவிழ்த்து, விரலால் பிரித்து, இரண்டாவது பாட்டில்.

துவட்டுவதற்கு டர்க்கி டவலைவிடப் பழைய பருத்தி வேட்டி, நைந்துபோன காட்டன் புடவைத் துண்டு நல்லது. சுற்றி அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். சீப்பை அங்கே எடுக்கவே வேண்டாம்.

13. எங்க ஏரியா போர் தண்ணியே உப்புதான். அதுல அலசி என்ன பிரயோஜனம்?

கடற்கரையோர வீடுகளில் இது நிஜமான தொல்லை. ஆனாலும் அந்த உப்பு கடல்நீரின் உப்புக்குப் பக்கத்தில்கூட வராது. முதல் அலசல், ஷாம்பு எல்லாம் போர் தண்ணீரிலேயே முடியுங்கள். கடைசியாக ஒரு லிட்டர் கேன் தண்ணீரையோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரையோ மெதுவாக நீளவாக்கில் ஊற்றினால் போதும். குளியல் சோப்பைத் தலைக்குப் போட வேண்டாம்; உப்புத் தண்ணீரில் அது நுரைக்காமல் வெள்ளைப் பிசினாக முடியில் ஒட்டும்.

14. ஷாம்புவா சீயக்காயா?

சிக்கு எடுக்கும் முன் இரண்டுமே வேண்டாம். முதலில் கண்டிஷனர். அலசிய ஈர முடியில் இரண்டு மேசைக்கரண்டி கண்டிஷனரைக் காதுக்குக் கீழே தடவி, ஐந்து நிமிடம் விட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, பிறகு அலசுங்கள். அதன்பின் ஷாம்பு, தலைத்தோலுக்கு மட்டும். நீளத்துக்கு அது வழிந்தோடும் நுரையே போதும்.

சீயக்காய் உப்புத் தண்ணீரிலும் வேலை செய்யும், எண்ணெயையும் எடுக்கும். ஆனால் பொடியை அப்படியே கரைத்துத் தேய்த்தால், மணலில் தப்பிய முடி சீயக்காய்த் துகளில் மாட்டும். கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டிய தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

15. சடை பிடிச்சு உருண்டையா ஆயிடுச்சு. வெட்டித்தான் ஆகணுமா?

பெரும்பாலும் வேண்டாம், பொறுமை இருந்தால். தலைக்கு ஊற்றிக்கொண்டே பிரிக்கப் பார்க்காதீர்கள்; ஈரத்தில் முடிச்சு இன்னும் இறுகும். நிழலில் அரைகுறையாகக் காயவிட்டு, உருண்டை முழுக்கக் கண்டிஷனரோ தேங்காய் எண்ணெயோ ஊறும்படி தடவி, இருபது நிமிடம் விடுங்கள். ஒரு கையால் உருண்டைக்கு மேலே, வேர்ப்பக்கம் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தலைக்கு வராது. மறுகையால் உருண்டையின் அடியிலிருந்து இரண்டிரண்டு இழையாக வெளியே எடுங்கள். விரல் நுழையாத இடத்தில் வால் சீப்பின் கூர்முனையை நடுவில் விட்டு அகட்டுங்கள். உள்ளங்கை அளவு சிக்குக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். குழந்தைகளுக்கு என்றால் எதிரே ஏதாவது படம் ஓடவிட்டு உட்காருங்கள்.

16. ராமேஸ்வரம், திருச்செந்தூர் போறோம். நீச்சல் எல்லாம் இல்ல, முங்கி எழறதுதான். இவ்வளவும் தேவையா?

தேவையில்லை. இரண்டு ஊரிலும் வழக்கமே உங்களுக்குச் சாதகம். ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் முங்கிய பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக ஊற்றுகிறார்கள்; திருச்செந்தூரில் கடலில் குளித்ததும் நாழிக்கிணற்றுக்குப் போகிறார்கள். உப்பு அங்கேயே பெருமளவு போய்விடும். மணல் கலங்கும் கரையோரத்தில் முங்காமல், இடுப்பளவு ஆழத்துக்கு நகர்ந்து முங்குங்கள். பின்னலோ கொண்டையோ அவிழாமல் இருந்தால் சரி. வயதான அம்மாவுக்கு விடுதிக்கு வந்ததும் கொண்டையை அவிழ்த்துக் காயவையுங்கள். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். காரணம் அடுத்த கேள்வியில்.

17. ஈரத்தோட பின்னல் போட்டே தூங்கிட்டேன், ஒரு மாதிரி வாடை வருது

நடுப்பகுதி காயவில்லை. தடித்த பின்னல் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே மறுநாள் வரைக்கும் ஈரம் இருக்கும். அடிக்கடி இப்படிச் செய்தால் தலைத்தோலில் அரிப்பு வரும். வெண் பியட்ரா என்று ஒரு பூஞ்சைத் தொற்றும் உண்டு: முடியில் வெளிறிய சின்னச் சின்ன முண்டுகள் ஒட்டியிருக்கும், ஈர் என்று நினைத்துவிடுவார்கள். ஈர் ஒட்டினால் அசையாது. இது விரலால் உருவினால் முடியோடு நகரும். சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாடைக்கு மட்டும் என்றால், அலசி, விரித்துப்போட்டு முழுக்கக் காயவைத்தால் போய்விடும்.

18. கடல் தண்ணிக்குப் பேன் செத்துடும்னு சொல்றாங்களே?

சாகாது. தண்ணீருக்கடியில் பேன் மூச்சுத்துளைகளை மூடிக்கொண்டு, முடியைக் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பேன் சீப்புதான் வழி.

19. கலர் பண்ணியிருக்கேன் / ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணியிருக்கேன். இறங்கலாமா?

ப்ளீச் செய்து கலர் அடித்த முடியில், தண்ணீரை ஒட்டவிடாத மெல்லிய கொழுப்புப் படலம் ஏற்கெனவே போயிருக்கும். தண்ணீர் வேகமாக உள்ளே போகும், சாயம் வேகமாக வெளியே வரும். உங்களுக்குக் கேப் கட்டாயம். ஸ்ட்ரெய்ட்டனிங், கெரட்டின் செய்தவர்கள் பார்லரில் சொன்ன நாள் கணக்கு முடியும்வரை கடல் பக்கம் போகாதீர்கள். அந்த நாட்களில் பின்னுவதும் தடம் விழவைக்கும்.

ஒன்றும் செய்யாத கறுப்பு முடியும் நுனியில் செம்பட்டையாகிறது என்றால் அது வெயில். புற ஊதாக் கதிர்கள் கருநிறமியைச் சிதைக்கின்றன. ஈரமும் உப்பும் துணை நிற்கின்றன. காலை எட்டரைக்குள் குளியலை முடித்துவிடுவதுதான் சுலபமான மருந்து. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் இன்னும் வெளுக்கும்.

20. சொறிமீன் நூல் முடியில மாட்டிக்கிச்சு. நல்ல தண்ணி ஊத்தி அலசலாமா?

இந்த ஒரு சமயத்தில் மட்டும் 12-இல் சொன்னதை மறந்துவிடுங்கள். நல்ல தண்ணீர் பட்டால் நூலில் வெடிக்காமல் மிச்சமிருக்கும் கொட்டு செல்களும் வெடிக்கும். கடல்நீரையே ஊற்றி அலசுங்கள். மணலாலோ துண்டாலோ தேய்க்க வேண்டாம். கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு, அல்லது இடுக்கியால், முடி வழியாக நூலை உருவி எடுங்கள். மாட்டிய கொத்தை முகத்திலும் கழுத்திலும் படாமல் விலக்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். மூச்சுத்திணறல், கண்ணில் பட்டது, உதடு வீங்குவது எது இருந்தாலும் முடியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

21. தினமும் கடல்ல நீந்துறேன். பேசாம முடியை வெட்டிடலாமா?

தினமும் நீந்துகிறவர்கள் தினமும் ஷாம்பு போட வேண்டாம். அலசலும் கண்டிஷனரும் தினம். ஷாம்பு மூன்று நாளுக்கு ஒருமுறை, எண்ணெய் வாரம் இரண்டு முறை. பின்னல் ஆரம்பிக்கும் இடத்தையும் பேண்டு போடும் இடத்தையும் அவ்வப்போது மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதே இடத்தில் அறுந்து, ஒரு வட்டம் போலப் பிசிறு நிற்கும். இரண்டு இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை நுனியில் அரை அங்குலம் எடுத்துவிடுங்கள். வெடித்த நுனிதான் பக்கத்து முடியைக் கோத்து அடுத்த சிக்கைத் தொடங்குகிறது.

வெட்டுவதாக இருந்தால் காது வரைக்கும் வெட்டுங்கள், அல்லது பின்ன வருகிற நீளத்தில் விடுங்கள். தோளைத் தொடும் நீளம்தான் கடலில் ரொம்பக் கஷ்டம்: பின்னலுக்கு அடங்காது, சிக்கு விழ மட்டும் போதுமான நீளம் இருக்கும்.